கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு? வலிப்பு மருந்தின் இரத்த அளவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு மலையக வழிகாட்டி

கிளினிக் கொப்பியில் வைத்தியர் ஒரு வரி எழுதியிருப்பார்: மருந்தின் பெயர், பக்கத்தில் 'லெவல்'. கையில் ஒரு துண்டும் தந்திருப்பார். "இரத்தம் பார்த்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள்" என்று சிங்களத்தில் சொன்னதில் பாதி புரிந்திருக்கும். வாசலுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் கிளம்பும். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? காலை மாத்திரையைப் போடலாமா? எங்கே எடுப்பார்கள்? ரிப்போட்டில் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதன்முறையாக இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நோயாளியே படிக்கலாம், அதைவிட, அவரைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாவோ, கணவரோ, அண்ணனோ படிப்பது நல்லது. ஏனென்றால் இந்தப் பரிசோதனையில் ஆய்வுகூடம் தருவது ஓர் எண்ணை மட்டுந்தான். கடைசி மாத்திரை போட்ட நேரம், இடையில் தவறவிட்ட நாட்கள், கூடச் சாப்பிட்ட மற்ற மருந்துகள் ஆகியவற்றை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். அவை இல்லாமல் வருகிற எண்ணை வைத்து எந்த வைத்தியராலும் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது.

முதலில்: உங்கள் மருந்துக்கு இது தேவையா?

வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்கும் இரத்த அளவு பார்ப்பதில்லை. அடிக்கடி பார்க்கப்படுவது பெனிடோயின். அதன்பின் கார்பமசெபின், பெனோபார்பிடோன், வல்ப்ரோயேட். லமோட்ரிஜின் அளவைக் கர்ப்ப காலத்தில் பார்ப்பது பயனுள்ளது. லெவடிரசிட்டாம் போன்ற புதிய மருந்துகளுக்கு வழக்கமாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு இரத்தம் பார்த்தார்கள், நம் பிள்ளைக்குப் பார்க்கவில்லையே என்று மனம் குமைய வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கும் மருந்து வேறாக இருக்கும்.

பெனிடோயினுக்கு ஏன் இந்த முதலிடம்? அதை உடைத்து வெளியேற்றும் ஈரலின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கும்வரை மருந்தைக் கூட்டக் கூட்ட இரத்த அளவும் ஓரளவு அதற்கேற்பவே ஏறும். நெருங்கிய பிறகு கணக்குத் தலைகீழாகிவிடும்: மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலும் அளவு எக்கச்சக்கமாக எகிறும். அதனால்தான் அனுபவமுள்ள வைத்தியர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் 25 அல்லது 50 மில்லிகிராமாக மட்டுமே கூட்டுவார்கள். "ஒன்று போட்டும் வலிப்பு நிற்கவில்லை, இன்னொன்றும் சேர்த்துப் போடுவோம்" என்று வீட்டிலேயே முடிவெடுப்பது எந்த மருந்துக்கும் ஆகாது. பெனிடோயினுக்கு அறவே ஆகாது.

இரண்டாவது: எதற்காகப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்

இதைக் கேட்கப் பலருக்குத் தயக்கம். வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது டொக்டரிடம் கேள்வி கேட்பதா என்று தோன்றும். ஒரே ஒரு கேள்விதான், கேட்டுவிடுங்கள்: "டொக்டர், எதைத் தெரிந்துகொள்ள இந்த டெஸ்ட்?" பதிலைப் பொறுத்தே எப்போது இரத்தம் கொடுப்பது என்பதும் மாறும்.

மருந்தைத் தொடங்கியோ அளவை மாற்றியோ ஆகிவிட்டது, இரத்தத்தில் போதிய அளவு நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு காரணம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் வலிப்பு வருகிறது, ஏன் என்று பார்ப்பது இன்னொன்று. தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, தூங்கி வழிவது எல்லாம் மருந்து மிஞ்சியதாலா என்று அறிவது மூன்றாவது. கர்ப்பம், ஈரல் அல்லது சிறுநீரக நோய், புதிதாகச் சேர்த்த வேறொரு மருந்து என்பவை மற்றக் காரணங்கள். நோயாளி மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்ற சந்தேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்.

எந்தக் கோளாறும் இல்லாமல், வலிப்பும் வராமல், வருடக்கணக்காக ஒரே மருந்தில் நன்றாக இருக்கிறவருக்குச் சும்மா ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எண் கொஞ்சம் குறைவாக வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போய்விடும். ஆளோ நன்றாகத்தான் இருப்பார்.

மூன்றாவது: நாளைக் குறிப்பது

மருந்தைத் தொடங்கிய மறுநாளே இரத்தம் கொடுத்தால் வருவது பாதி வழியில் நிற்கும் அளவு. உள்ளே போவதும் வெளியேறுவதும் சமநிலைக்கு வரக் காலம் வேண்டும். வல்ப்ரோயேட்டுக்கு ஒரு வாரம் தாராளமாகப் போதும். பெனிடோயினுக்கு இரண்டு மூன்று வாரம். பெனோபார்பிடோன் மெதுவாகவே வெளியேறும். அதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். கார்பமசெபினின் குணம் தனி: தன்னை உடைக்கிற ஈரல் நொதியைத் தானே தூண்டிவிடும். அதனால் முதல் வாரத்தில் உயர்ந்து நின்ற அளவு, மாத்திரையை மாற்றாமலேயே, மூன்று நான்கு வாரத்தில் இறங்கிவிடும். முதல் வாரத்து ரிப்போட்டை நம்பி நிம்மதியாக இருந்தவர் அடுத்த மாதம் ஏமாறுவது இதனால்தான். அளவை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இந்தக் காத்திருப்பு மறுபடி தொடங்கும்.

நாள் குறிக்கும்போது போயா தினத்தையும் அரச விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வேண்டாம். மலையகத்துச் சிறு நகரங்களில் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் அங்கேயே பரிசோதிக்கப்படுவதில்லை. கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். எந்த நாளில், எத்தனை மணிக்கு வண்டி போகிறது என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நான்காவது: நேரம்

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்துக்குப் போகும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்கும். வழக்கமான பரிசோதனைக்கு அந்த அடிமட்ட நேரத்து இரத்தம்தான் வேண்டும். நடைமுறையில் அது காலை மாத்திரைக்கு முன்னால் உள்ள நேரம். இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். காலையில் போடாமல் போய் இரத்தம் கொடுங்கள். கொடுத்த கையோடு அந்த மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு டிவிஷனில் இருப்பவர் இரவு எட்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் மாத்திரை போடுகிறவர். முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போனால் இரத்தம் எடுக்கப் பத்தோ பதினொன்றோ ஆகிவிடும். அதுவரை காலை மாத்திரை தள்ளிப்போகும். இரண்டு மூன்று மணி நேரத் தாமதம் பெரும்பாலானவர்களுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனாலும் வலிப்பு அடிக்கடி வருகிறவர் என்றால், "இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம், காலை மாத்திரையை எவ்வளவு நேரம் தள்ளலாம்?" என்று கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து நகரத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்புகிற இடம் இருந்தால் கண்டிவரை போகாமல் அங்கே கொடுப்பதே புத்தி. தனியாக அனுப்பாதீர்கள். மாத்திரை தாமதமான காலையில், தூங்காமல் எழுந்து, வளைவு வளைவான பாதையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்குக் கூட ஓர் ஆள் வேண்டும்.

காலை மாத்திரையை ஒரு கடதாசியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். கூடவே ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு பணிஸ். வீட்டுக்குத் திரும்பிப் போடலாம் என்று விட்டுவந்தால் அன்றைய மாத்திரை மாலையாகிவிடும்.

பணிஸ் எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை! சீனி வியாதிக்கு இரத்தம் பார்த்துப் பழகிய நம்மவர்கள் எல்லா இரத்தப் பரிசோதனைக்கும் வெறும் வயிறு என்றே நினைக்கிறார்கள். நிறுத்தி வைக்க வேண்டியது மாத்திரையை மட்டுந்தான், தேநீரையும் ரொட்டியையும் அல்ல. பட்டினியும் தூக்கமின்மையும் சிலருக்கு வலிப்பையே கூட்டிவந்துவிடும். சீனியோ கொழுப்போ சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் அதற்கான விதி வேறு.

எல்லா மருந்துக்கும் நேரம் ஒரே கண்டிப்பா? இல்லை. பெனோபார்பிடோன் அளவு நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும்; எப்போது எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. பெனிடோயினிலும் ஏற்ற இறக்கம் அதிகமில்லை, என்றாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் பழைய ரிப்போட்டோடு ஒப்பிட முடியும். சாதாரண வகை வல்ப்ரோயேட்டிலும் கார்பமசெபினிலும் நேரம் மிக முக்கியம். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அதே ஆளுக்கு அதே நாளில் முற்றிலும் வேறு எண் வரும்.

இந்த விதி செல்லாத நேரமும் உண்டு. தள்ளாடுகிறார், கண் மணிகள் தாமாக ஆடுகின்றன, பேச்சுக் குழறுகிறது என்றால் மருந்து மிஞ்சியதா என்று பார்க்க அந்த நேரத்திலேயே இரத்தம் எடுக்க வேண்டும். மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் அப்படித்தான். எந்த நேரமானாலும், கடைசி மாத்திரை போட்ட நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது: இரத்தம் எடுக்கும் இடத்தில்

அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லா வைத்தியசாலையிலும் இந்தப் பரிசோதனை நடக்காது. நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையோ டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையோ பதுளையோ, நீங்கள் கிளினிக் போகும் இடத்தில் முதலில் கேளுங்கள். இல்லை என்றால் "மாதிரியை இங்கிருந்தே அனுப்ப முடியுமா, நாங்கள் வெளியே எடுக்க வேண்டுமா?" என்பது அடுத்த கேள்வி. வெளியே எடுக்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் நகரத்துத் தனியார் சேகரிப்பு நிலையங்கள் இரண்டு மூன்றில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். 'வலிப்பு டெஸ்ட்' என்று கேட்டால் வேறெதையாவது சொல்லிவிடுவார்கள்.

துண்டைக் கொடுக்கும்போதே, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம், இரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் துண்டில் எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் எழுத மாட்டார்கள். நீங்களே ஒரு பேனை வைத்திருந்து கிளினிக் கொப்பியின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ்ஸியாக இருந்தால் "அத உதே பெஹெத் பீலா நே" என்றால் இன்று காலை மருந்து குடிக்கவில்லை என்பது விளங்கிவிடும். "ஈயே ரே அட்டட்ட பிவ்வா" என்றால் நேற்று இரவு எட்டு மணிக்குக் குடித்தேன். இந்த இரண்டு வசனங்களும் போதும்.

குழாயைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மஞ்சள் மூடிபோட்ட குழாய்கள் பலவற்றின் அடியில் பசைபோன்ற ஒன்று இருக்கும். இரத்தம் அதில் நெடுநேரம் கிடந்தால் பெனிடோயின் போன்ற சில மருந்துகளைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளக்கூடும். எண் குறைந்து வரும். அதனால் பசை இல்லாத சாதாரணச் சிவப்பு மூடிக் குழாயையே பல ஆய்வுகூடங்கள் கேட்கின்றன. மலையிலிருந்து கொழும்புவரை பயணம் போகிற மாதிரிக்கு இது கூடுதல் முக்கியம். சண்டைபிடிக்க வேண்டாம், "மருந்து லெவல் பார்க்கிற இரத்தம், குழாய் சரிதானே?" என்று பணிவாகக் கேட்டால் போதும். வார்டில் சேலைன் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தால், அது ஏறாத கையில்தான் இரத்தம் எடுக்க வேண்டும்.

ஆறாவது: ரிப்போட்டைப் படிப்பது

ரிப்போட்டில் உங்கள் எண், பக்கத்தில் ஓர் எல்லை. பெரும்பாலும் லீற்றருக்கு மில்லிகிராமில் இருக்கும். மில்லிலீற்றருக்கு மைக்ரோகிராம் என்று போட்டிருந்தாலும் எண் அதேதான், குழம்ப வேண்டாம். பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைகள்: பெனிடோயின் 10 முதல் 20, கார்பமசெபின் 4 முதல் 12, வல்ப்ரோயேட் 50 முதல் 100, பெனோபார்பிடோன் 15 முதல் 40. சில இடங்களில் மைக்ரோமோல் கணக்கில் தருவார்கள். அப்போது பெனிடோயினுக்கு 40 முதல் 80 என்றும், கார்பமசெபினுக்கு ஏறக்குறைய 17 முதல் 51 என்றும், வல்ப்ரோயேட்டுக்கு ஏறக்குறைய 350 முதல் 690 என்றும் எல்லை வரும். போன தடவை 15, இந்தத் தடவை 60 என்று பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்ளும் முன், அலகு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லைக்கு வெளியே போன எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டோ நட்சத்திரம் இட்டோ காட்டுவார்கள். அது ஆபத்து மணியல்ல. 7 என்ற பெனிடோயின் அளவில் வலிப்பே வராமல் இருக்கிறவர்கள் உண்டு. அவருக்கு அதுதான் சரியான அளவு. 22இல் எந்தத் தொல்லையும் இல்லாமல் நடமாடுகிறவரும் இருக்கலாம். 18இலேயே தள்ளாடுகிறவரும் இருக்கலாம். பெனிடோயினில் பொதுவாக 20ஐத் தாண்டினால் கண் மணி ஆடத் தொடங்கும். 30ஐத் தாண்டினால் நடை தடுமாறும். 40க்கு மேல் மயக்கமும் சோர்வும் வரும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து "பகலிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான்" என்று லயத்தில் கதை கட்டிவிடுவார்கள். குடிக்கிற பழக்கமே இல்லாத ஆளைப் பற்றி அப்படிக் கதை வந்தால் இரத்தத்தைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சரிவில் கூடையோடு நிற்கும் கொழுந்துப் பெண்ணுக்கு இந்தத் தடுமாற்றம் காலை முறித்துவிடும்.

வல்ப்ரோயேட்டில் எண்ணுக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் தளர்வானது. கை நடுக்கம், வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போவது என்பவற்றை எண் சரியாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஈரல் பரிசோதனையும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் தனியாகப் பார்ப்பார்கள்.

இன்னொரு நுட்பம்: பெனிடோயினில் பத்தில் ஒன்பது பங்கு இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூளையில் வேலை செய்வது ஒட்டாமல் நிற்கும் மீதிப் பங்குதான். ரிப்போட்டில் வருவதோ மொத்தக் கணக்கு. உடம்பில் அல்புமின் குறைந்தவர்களுக்கு, அதாவது சத்துக்குறைவு, ஈரல் நோய், சிறுநீரக நோய், கர்ப்பம் உள்ளவர்களுக்கு, மொத்தம் குறைவாகத் தெரிந்தாலும் வேலைசெய்யும் பங்கு போதுமானதாகவோ மிஞ்சியோ இருக்கலாம். இப்படிப்பட்டவருக்கு எண் குறைவு என்று மருந்தைக் கூட்டும் முன் "அல்புமின் பார்க்க வேண்டுமா டொக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

ஏழாவது: எண் குறைவாக வந்தால் வீட்டில் தேடுங்கள்

மருந்து தவறிப்போனதுதான் முதற் காரணம். கோபிக்காமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கிளினிக் நாளுக்குப் போனால் அன்றைய பேர் போகும், சம்பளம் போகும் என்று ஒரு மாதம் போகாமல் விட்டு, இருந்த மாத்திரையை இரண்டுக்கு ஒன்றாகச் சிக்கனப்படுத்திச் சாப்பிட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இரத்தம் கொடுக்கப் போகும் வாரம் மட்டும் மணி பார்த்து ஒழுங்காக விழுங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ரிப்போட் அழகாக வரும், வலிப்பும் அழகாக வந்துகொண்டிருக்கும். மீதியுள்ள மாத்திரைகளை உறையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும்.

அடுத்து, மாத்திரை கெட்டுப்போவது. மலையகத்துக்கென்றே எழுத வேண்டிய விஷயம் இது. போகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய மாப்பால் டின்னைத் திறந்து காட்டினார். மகனுடைய வல்ப்ரோயேட் மாத்திரைகள். அலுமினியத் தாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்துப் போட்டிருந்தார், பிள்ளை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று. டின் இருந்த இடம் அடுப்புக்கு மேலே ஈர விறகு காயும் பரண். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பூச்சுக் கரைந்து, எடுத்த விரலில் பிசுபிசுத்தது.

"என்ன அக்கா இது?"

"குளிருக்கு இப்படி ஆகிவிட்டது தம்பி. மருந்து மருந்துதானே என்று கொடுக்கிறேன்."

குளிரல்ல, ஈரம். வல்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போடும் நேரத்தில்தான் தாளிலிருந்து உரிக்க வேண்டும். கார்பமசெபினில் கெடுதல் கண்ணுக்கே தெரியாது. ஈரம் பட்ட மாத்திரை இறுகி, வயிற்றில் சரியாகக் கரையாமல், வலுவில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்துவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பார்மசியில் உதிரியாக எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தரும் மாத்திரையை, ஆடி மாதத்து மழையில் சுவர் வியர்க்கும் லயக் காம்பிராவில் அதே உறையில் ஒரு மாதம் வைத்திருந்தால் என்ன மிஞ்சும்? வாங்கிவந்த அன்றே, நன்றாகக் காய்ந்த, திருகுமூடி உள்ள போத்தலுக்கு மாற்றுங்கள். மருந்துப் போத்தல்களோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் கிடைத்தால் உள்ளே போடுங்கள். அடுப்படியிலும் குளிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். போத்தலின்மேல் மருந்தின் பெயரையும் அளவையும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெனிடோயின் பாணி என்றால், ஒவ்வொரு தடவையும் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும். மாதத் தொடக்கத்தில் தண்ணீரும், கடைசி வாரத்தில் மருந்து மொத்தமும் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். தேக்கரண்டியை விட, மில்லிலீற்றர் கோடுபோட்ட சிரிஞ்சே சரி.

மூன்றாவது, மருந்தின் கம்பனி மாறுவது. அரசாங்கக் கொள்வனவு மாறும்போதெல்லாம் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். 2022இன் நெருக்கடியில் கிடைத்ததை வாங்க வேண்டிய நிலையும் வந்தது. பெயர் ஒன்றுதான் என்றாலும் சிலருக்குப் பெனிடோயினிலும் கார்பமசெபினிலும் இந்த மாற்றம் இரத்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்துவிடும். மாத்திரை வேறாகத் தெரிந்தால் அந்தத் திகதியைக் கொப்பியில் குறித்துவையுங்கள்.

எட்டாவது: மற்ற மருந்துகள்

தோட்ட டிஸ்பென்சரியிலோ நகரத்துத் தனியார் டொக்டரிடமோ காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போது, வலிப்பு மருந்து சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் வருவது நம்மிடம் உள்ள பெரிய குறை. எரித்ரோமைசினும் கிளரித்ரோமைசினும் கார்பமசெபின் அளவை ஏற்றிவிடும். இரண்டு மூன்று நாளில் ஆள் தலைசுற்றி விழுவார். கசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் பெனிடோயினையும் கார்பமசெபினையும் ஏற்றும். அதோடு சேர்த்துத் தரும் ரிபாம்பிசின் இறக்கும். இரண்டும் ஒன்றாக நடப்பதால் கசநோய் மருந்து தொடங்கும்போதும் முடியும்போதும் இரத்த அளவு பார்க்கச் சொல்வார்கள். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் மருந்து பெனிடோயின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வல்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்கு வார்டில் மெரோபெனெம் ஊசி ஏற்றினால் ஓரிரு நாளில் வல்ப்ரோயேட் அளவு சரிந்துவிடும். வார்டு டொக்டருக்கு உங்கள் மருந்துப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும்.

சாராயமும் கசிப்பும் தனிக் கதை. மாதக் கணக்காகக் குடிப்பது ஈரலைத் தூண்டிப் பெனிடோயினை வேகமாக வெளியேற்றும். ஒரே நாளில் நிறையக் குடிப்பது அளவை ஏற்றிவிடும். திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும். குடிக்கிறவர் என்றால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அவர் கேட்பது திட்டுவதற்காக அல்ல.

ஒன்பதாவது: அளவு கூடுதல் என்று வந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்

தொலைபேசியில் ரிப்போட் வந்து, எண் தடித்த எழுத்தில் இருந்து, அடுத்த கிளினிக்குக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று வையுங்கள். ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் மருந்தைத் தொடாமல் கிளினிக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அல்லது ரிப்போட்டோடு ஒருவர் மட்டும் போய்க் காட்டுங்கள். தள்ளாட்டம், வாந்தி, குழறல் இருந்தால் அன்றே பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். ஒரு வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ, 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்திக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம்.

பத்தாவது: பெண்களுக்கு

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு முன் வைத்தியரிடம் பேசுங்கள். பெனிடோயின், கார்பமசெபின், பெனோபார்பிடோன் மூன்றும் கருத்தடை மாத்திரையின் வேலையையும் கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் வேலையையும் குறைத்துவிடும். மறுபுறம், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லமோட்ரிஜின் அளவை இறக்கிவிடும்.

வல்ப்ரோயேட் சாப்பிடும் பெண் கலியாணத்துக்குப் பேச்சு வரும்போதே கிளினிக்கில் சொல்ல வேண்டும். அந்த மருந்து வயிற்றுப் பிள்ளையின் முள்ளந்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். மாற்று மருந்துக்குப் போகக் காலம் தேவை. கர்ப்பமான பிறகு பயந்து ஒரே நாளில் நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. போலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவார்கள். அளவை வைத்தியர் சொல்வார்.

கர்ப்ப காலத்தில் இரத்த அளவு இறங்குவது இயல்பு. லமோட்ரிஜினில் அது மிக அதிகம். பாதிக்கும் கீழே போகலாம். அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே ஒரு தடவை அளவு பார்த்துவைத்துக்கொண்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டு மருந்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கர்ப்பக் கிளினிக் வேறு, வலிப்புக் கிளினிக் வேறு என்பதால் ஓரிடத்து ரிப்போட் மற்ற இடத்துக்குத் தானாகப் போகாது. இரண்டு கொப்பிகளையும் ஒரே பையில் வைத்து இரண்டு இடத்திலும் காட்டுங்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள்.

பிள்ளை பிறந்ததும் கணக்குத் திரும்பும். உடம்பு பழைய வேகத்துக்கு வர, கூட்டிவைத்த லமோட்ரிஜின் சில நாட்களிலேயே மிஞ்சத் தொடங்கும்: தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத தடுமாற்றம். மருந்தைப் படிப்படியாக எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது பிரசவத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் துண்டில் அந்தப் புதிய அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வார்டை விட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் மிஸ்ஸியைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.